கம்பெனிகளின் சமுதாயப் பொறுப்பும் நமது பஞ்சாயத்துகளும்

பஞ்சாயத்துக் கூட்டங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்து ஊருக்குக் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, நம்முடைய ஊருக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆயினும் கம்பெனி கொடுப்பது தருமம், அதைப் பெறுவது ஊரின் அதிர்ஷ்டம் என்ற எண்ணம் அதற்குள் மறைந்து கிடக்கிறது. வேறு சில ஊர்களில் இதற்கு நேர்மாறான பேச்சைக் கேட்கிறோம். ஆலை வைத்தவர்கள் ஊர் கேட்பதையெல்லாம் செய்தே தீரவேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்பார்கள். இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. சி.எஸ்.ஆர். என்று அலுவலகங்களில் சுருக்கமாக வழங்கப்பெறும் கம்பெனிகளின் சமுதாயப் பொறுப்பு என்பது யாது, சட்டம் அதைப்பற்றி என்ன கூறுகிறது, வாணிபத்துக்கே அது ஏன் இன்றியமையாதது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

செல்வம் படைத்தோர் குளம் வெட்டுவதும் சத்திரம் கட்டுவதும் நமது நாட்டுக்குப் புதியன அல்ல. காரைக்குடியில் 1947-ஆம் ஆண்டில் கல்லூரி நிறுவிய அழகப்பச் செட்டியாரை அறியாதவர் நம்முள் இல்லை. செல்வந்தர்கள் தம்மிடமுள்ள செல்வத்துக்கு உடைமையாளர் அல்லர், தருமகர்த்தாக்களே என்பது காந்தியடிகளின் கொள்கை. ஆனால் தருமம் என்பது கொடுப்பவருடைய மனத்தைப் பொறுத்தது. அவர் விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் கொடார். பொறுப்பு என்பது அவ்வாறன்று. நிலத்தடி நீரை எடுத்தும், ஊர்ச் சாலையில் லாரிகளை ஓட்டியும், ஊர் இளைஞர்களின் உழைப்பைக் கொண்டும் லாபம் ஈட்டுகிற ஒரு நிறுவனம் அவ்வூருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்னும் கருத்தே பொறுப்பு என்ற சொல்லில் அடங்கியுள்ளது.

இக்கருத்தின் ஒரு பகுதியைச் சட்டமாக்கியது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதன் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. முந்திய நிதியாண்டில் ஒரு கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலும், விற்றுவரவு 1,000 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலும், நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலும் அது இப்பிரிவுக்குள் வரும். மூன்றும் வேண்டுமென்பதில்லை, ஒன்று இருந்தால் போதும். அப்படிப்பட்ட கம்பெனி, முந்திய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்துக்குக் குறையாத தொகையை ஆண்டுதோறும் சமுதாயப் பணிகளுக்குச் செலவிடவேண்டும்.

கணக்கு எளியது. ஒரு நூற்பாலைக் கம்பெனி முதலாண்டில் 18 கோடியும், இரண்டாம் ஆண்டில் 24 கோடியும், மூன்றாம் ஆண்டில் 30 கோடியும் லாபம் அடைந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 72 கோடி, சராசரி 24 கோடி. அதில் 2 சதவிகிதம் 48 லட்ச ரூபாய். இத்தொகை 50 லட்சத்தைத் தாண்டினால் இதற்கென டைரக்டர்கள் அடங்கிய கமிட்டி ஒன்று அமைத்தாக வேண்டும். தாண்டாவிட்டால் டைரக்டர் போர்டே முடிவு செய்யலாம். நாடு முழுவதும் 2022-23-ஆம் ஆண்டில் இவ்வகையில் செலவானது ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய் என்றால், இது சிறு தொகையன்று என்பது விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறோம். ஊரிலுள்ள அரிசி ஆலை, செங்கற்சூளை, கல் உடைக்கும் ஆலை ஆகியவற்றுள் பெரும்பாலானவை தனியாருடையனவாகவோ கூட்டு வியாபாரங்களாகவோ இருக்கும். அவை கம்பெனிகளே அல்ல. இரண்டு சதவிகிதம் கொடு என்று அவற்றின் வாயிலில் போய் நிற்பதால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பெருங்கம்பெனியாயினும், தான் தொழில் நடத்தும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை அளிக்கவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. முன்னுரிமை வேறு, உரிமை வேறு. இன்ன ஊருக்கு இவ்வளவு தரவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை கூறுகிறது. பசி, வறுமை, ஊட்டக் குறைவு ஆகியவற்றை ஒழித்தல், சுகாதாரம், குடிநீர், கல்வி, பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, கிராம அபிவிருத்தி ஆகிய பலவும் அதில் அடங்கும். எவற்றைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பதையே அங்கத்தினர்கள் மிகவும் ஊன்றிப் படிக்கவேண்டும். அரசியல் கட்சிக்குக் கொடுத்தது சேராது. தன் தொழிலாளருக்கு மட்டும் செய்துகொண்ட வசதி சேராது. தன் சரக்குக்கு விளம்பரமாகச் செய்தது சேராது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, வேறு எந்தச் சட்டத்தின்படியும் செய்யக் கடமைப்பட்ட காரியம் இதில் சேராது என்பது.

இந்தக் கடைசி விதியை மீண்டும் ஒரு முறை படிக்குமாறு வேண்டுகிறோம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்படி ஆலை தன் கழிவு நீரைச் சுத்திகரித்தே ஆகவேண்டும். சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டு, அதை ஊருக்குச் செய்த சேவை என்று கணக்கெழுத இயலாது. அதுபோலவே, ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்ததனால் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் கடமை குறைந்துவிடாது. லாபத்தில் 2 சதவிகிதத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த லாபம் முழுவதையும் எப்படி ஈட்டினார்கள் என்பது மற்றொரு கேள்வி. நமது கிராமங்களுக்கு இரண்டாவதே பெரிது என்பது நமது கருத்து.

வாணிபம் செய்வோருக்கும் அதுவே பெரிது. லாபம் ஈட்டுவது ஒன்றே வாணிபத்தின் சமுதாயக் கடமை, அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்று வாதிட்டவர் மில்ட்டன் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1970-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. விதிகளுக்கு உட்பட்டு என்ற ஒரு நிபந்தனையை அவரும் வைத்தார் என்பதை அவரை எடுத்துக்காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர். அந்த நிபந்தனை தளர்ந்தபோது வாணிபத்துக்கே என்ன நேர்ந்தது என்பதை அறிய நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. திருப்பூர் வரை போனால் போதும்.

பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்றது திருப்பூர். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் இழையில் நன்கு பற்றிக்கொள்ளும் பொருட்டு உப்பை ஏராளமாகக் கரைப்பார்கள். துணி சாயத்தை ஏற்றுக்கொள்ளும். உப்பு நீரிலேயே தங்கிவிடும். சாதாரண முறையில் சுத்திகரித்தால் நீரின் நிறம் தெளியுமே தவிர, கரைந்த உப்பு நீங்காது. இந்த நீர் பல்லாண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்துவந்தது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் இடமாயிற்று. பாய்ந்த வயல் உவராயிற்று. கிணற்று நீர் கால்நடைக்கும் உதவாமற் போயிற்று. அணையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவேண்டிய விவசாயிகளே, திறக்க வேண்டாம் என்று கேட்கும் விபரீதத்தை அந்தப் பகுதி கண்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகத் திரண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். வழக்கு 2009-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வந்தது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்கும் வரையில் சாயப்பட்டறைகள் இயங்கக்கூடாது என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் இல்லாமல் பின்னலாடை ஏது? பட்டறை முதலாளி மட்டுமா துன்பப்பட்டார்? அவரிடம் கூலிக்கு நின்றவரும், துணி வெட்டியவரும், தைத்தவரும், அவர்களுக்குச் சோறு விற்றவரும் சேர்ந்து துன்பப்பட்டனர். பின்னர் சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்களையும் நீரை ஆவியாக்கும் கொதிகலன்களையும் நிறுவி, நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பவும் பயன்படுத்தும் முறையைப் பட்டறைகள் மேற்கொண்டன. செலவு மிகுதிதான். இன்று அவ்வூர்த் தொழிலதிபர்கள் வெளிநாட்டு வியாபாரிகளிடம் இதையே தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதை முன்பே செய்திருக்கலாகாதா என்று கேட்பது எளிது. வழக்காடிய விவசாயியின் வயலில் படிந்த உப்பு அவ்வளவு எளிதில் போகாது.

நமது எல்லைக்கு அப்பால், பாலக்காடு மாவட்டத்தில் நடந்த மற்றொன்றையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடாவில் 2000-ஆம் ஆண்டில் கோக்கோ கோலா கம்பெனியின் குளிர்பான ஆலை தொடங்கப்பெற்றது. கிணறுகள் வற்றுகின்றன, நீர் கெடுகின்றது என்று 2002-இல் மக்கள் போராடத் தொடங்கினர். ஆலையின் கழிவுச் சேறு சுற்றுப்புற விவசாயிகளுக்கு எருவாகக் கொடுக்கப்பட்டது. பின்னர் நடந்த சோதனையில் அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பது தெரியவந்தது. 2003-இல் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள உயர் நீதிமன்றத்தில் 2003-இல் தனி நீதிபதி கூறியது ஒன்று. 2005-இல் இரு நீதிபதிகள் கூறியது வேறொன்று. நிலத்தடி நீரை அளவோடு எடுக்கக் கம்பெனிக்கு அனுமதியும் கிடைத்தது. இருந்தும் ஆலை திறக்கவில்லை. திறக்கும் எண்ணம் இல்லை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியே தெரிவித்துவிட்டது. நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம். ஊராரின் நம்பிக்கையை எந்த நீதிமன்றமும் பெற்றுத்தர இயலாது என்பதைக் கம்பெனிகள் அங்கே கற்றுக்கொண்டன.

ஆகவே இப்பொறுப்பு தயவினால் மட்டும் செய்யப்படுவதன்று. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பெற்ற மிகப் பெரிய 1,000 கம்பெனிகள், தண்ணீர், கழிவு, தொழிலாளர் நலம் ஆகியவை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று செபி என்ற பங்குச் சந்தை ஆணையம் 2022-23 முதல் விதித்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

இனி, பஞ்சாயத்தின் பங்கு. இதில் நம்முடைய தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்கவேண்டும்.

நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், ஒரு கம்பெனி கிராமம் ஒன்றுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக் கொடுத்தது. திறப்பு விழா வெகு சிறப்பாக நடந்தது. மேடையில் நாமும் அமர்ந்திருந்தோம், மாலையும் போட்டார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தப் பக்கம் சென்றபோது நிலையம் பூட்டிக் கிடந்தது. வடிகட்டும் சவ்வு பழுதாகிவிட்டது, மாற்றப் பணமில்லை. மின்கட்டணம் பாக்கி. சுத்திகரித்த பின் ஒதுக்கப்படும் உப்பு நீருக்குப் போக்கிடம் செய்யாமையால், அது ஒரு விவசாயியின் வயலில் பாய்ந்து, அவர் தகராறு செய்திருந்தார். "கம்பெனி போட்டதுங்க, கம்பெனிதானே பார்க்கணும்" என்றார் தலைவர். "ஊரிடம் அன்றே ஒப்படைத்துவிட்டோம்" என்றது கம்பெனி. ஒப்படைத்ததற்கும் பெற்றுக்கொண்டதற்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதைக் கேட்டு வாங்கியிருக்கவேண்டியவர்கள் மேடையில் மாலையோடு அமர்ந்திருந்த நாமே.

இத்தகைய தகராறுக்கு 2021 ஜனவரியில் வந்த திருத்த விதிகள் ஓரளவு பரிகாரம் தருகின்றன. சமுதாயப் பொறுப்புப் பணத்தில் உண்டாக்கிய கட்டடம், இயந்திரம் முதலிய சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளலாகாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ, சுய உதவிக் குழு போன்ற பயனாளிகளின் அமைப்போ, பொது அதிகாரம் பெற்ற அமைப்போதான் அதை வைத்திருக்கலாம். பஞ்சாயத்து இக்கடைசி வகையைச் சேர்ந்தது. சொத்து நம்முடையது என்றால் பராமரிப்பும் நம்முடையதே. பழுதுபார்க்கும் செலவு எங்கிருந்து வரும், மின்கட்டணம் யார் செலுத்துவது, கம்பெனி எத்தனை ஆண்டு துணை நிற்கும் என்பவற்றை, அஸ்திவாரம் போடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். மேற்சொன்ன நிலையத்தைப் பின்னர் மகளிர் சுய உதவிக் குழுவினர் ஏற்றுக்கொண்டு, குடத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிக் கணக்கு வைத்து நடத்தியபோதுதான் அது ஒழுங்காக ஓடியது. ஒதுக்கப்படும் நீரைப் பொதுக் கழிப்பிடத்துக்குக் குழாய் வைத்துத் திருப்பினார்கள்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். தலைவர் ஒருவர் மட்டும் கம்பெனி மானேஜரைத் தனியே சந்தித்துக் கேட்பது ஊருக்கும் நல்லதன்று, தலைவருக்கும் நல்லதன்று. எது முதலில் வேண்டும் என்பதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானிக்கவேண்டும். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏற்கெனவே இடம்பெற்ற வேலையாக இருந்தால் இன்னும் சிறப்பு. ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, இடம் யாருடையது என்பதற்கு வருவாய்த் துறையின் சான்றையும் இணைத்துக் கொடுத்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதைத் தன் டைரக்டர்களிடம் காட்டிப் பேச முடியும். வளைவு, திருவிழா, விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு என்று கேட்டுவரும் கடிதங்கள் கம்பெனி அலுவலகங்களில் கட்டுக் கட்டாகக் கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம். வாய்க்கால் மதகு பழுதுபார்க்க மதிப்பீட்டோடு ஒரு கடிதம் வந்தால் அது தனியே தெரியும்.

காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. செலவிடாமல் நின்ற தொகை நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு உரியதானால் 30 நாளில் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் செலவிடவேண்டும். வேறு வகைத் தொகையானால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் மத்திய நிதிகளுக்குச் செலுத்திவிடவேண்டும். தவறினால் அபராதம். ஆதலால் தை மாசி மாதங்களில் சில கம்பெனிகள் தயாரான திட்டத்தைத் தேடி அலைவதுண்டு. முடிவு செய்யும் மாதம் சித்திரை வைகாசி. இரண்டு பருவத்துக்கும் கையில் ஒரு நல்ல மதிப்பீடு இருப்பது பஞ்சாயத்துக்கு லாபம். எந்தக் கம்பெனி எதற்குச் செலவிட்டது என்பதைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும். மத்திய அரசின் தளத்திலும் காணலாம். படித்த இளைஞர் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை யாவும் கைவந்தாலும், கடினமான இடம் ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் ஆலைக்கு அடுத்த தோட்டங்களின் கிணற்று நீர் நிறம் மாறிற்று. விவசாயிகள் மனுவோடு புறப்பட்டார்கள். அந்த வாரத்திலேயே, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக ஆலையிலிருந்து கடிதம் வந்தது. சுவர் இல்லாமையால் மாலை வேளைகளில் பள்ளி வளாகம் குடிகாரர்களின் கூடாரமாயிருந்தது. ஆசிரியைகள் எத்தனையோ முறை முறையிட்டிருந்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. "மனுவை நிறுத்திவைப்போம், சுவர் வந்துவிடட்டும்" என்றார்கள் ஒரு பகுதியார். "சுவரே வேண்டாம், அது வாய்ப்பூட்டு" என்றார்கள் மறு பகுதியார். கூட்டத்துக்கு நம்மை அழைத்திருந்தார்கள். பேச்சு முற்றிய நேரத்தில், வயதான விவசாயி ஒருவர் எழுந்து, "ஏனுங்க, சுவர் கட்டுறது பிள்ளைகளுக்கு, கிணறு எனக்கு. ரெண்டையும் ஒரே சீட்டுல எதுக்கு எழுதறீங்க?" என்று கேட்டார்.

அன்று இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. சுவரை நன்றியோடு ஏற்பதாக முதல் தீர்மானம். கிணற்று நீரைச் சோதிக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதென இரண்டாம் தீர்மானம். ஒன்றின் நகலில் மற்றதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆலையின் அதிகாரி வருத்தப்பட்டார். சில மாதங்கள் கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. சுவர் போய்விட்டது என்றே ஊரார் எண்ணினர். நமக்கும் அந்த ஐயம் இருந்தது. வாரியத்தார் வந்து நீர் எடுத்துச் சென்றனர். ஆலையின் கழிவுத் தொட்டியில் கசிவு கண்டு அடைக்கப்பட்டது. அடுத்த நிதியாண்டின் தொடக்கத்தில் சுவருக்குக் கொத்தனார்கள் வந்து சேர்ந்தார்கள். கிணறு தெளிய இரண்டு மழைக்காலம் பிடித்தது.